பம்பின் ஓசை: ஒரு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் ஓராண்டுக் கூட்டங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

ஓராண்டில் ஆறு கூட்டங்களை நடத்தினோம். அவற்றுள் மூன்றாவது கூட்டத்தில் ஒரு கார் தீப்பிடித்திருக்க வேண்டும், நூலிழையில் தப்பியது. அது ஏன் அந்த நிலைக்கு வந்தது, எப்படித் தப்பியது, அதன் பின் எஞ்சிய கூட்டங்களை நாங்கள் எவ்வாறு மாற்றினோம் என்பவற்றை, இதே பொறுப்பை ஏற்றிருக்கும் பிற சங்கத்தினருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதி வைக்கிறேன். அந்த ஆண்டில் நிகழ்ச்சிச் செயலராக இருந்தவன் நான். திட்டத்தில் இருந்த பிழைகளில் பல என்னுடையவை. அவற்றையும் உள்ளது உள்ளபடியே சொல்கிறேன்.

கூட்டங்களின் வரிசையை மாற்றியது ஏன்

சங்கத்தில் நாற்பதை ஒட்டிய உறுப்பினர்கள் இருக்கிறோம். கார்களில் பெரும்பாலானவை 1960களிலும் 1970களிலும் தயாரானவை. எண்ணிக்கையில் முதலிடம் எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான், 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் என்பதால் உதிரிபாகமும் அனுபவமும் அதற்கு எளிதில் கிடைக்கின்றன. டிரையம்ஃப் டி.ஆர்.6, ஆஸ்டின் ஹீலி 3000, ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், டட்சன் 240 இசட் ஆகியவையும் உண்டு. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஜாகுவார் ஈ-டைப்பும் எங்களிடம் ஒன்று இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டின் கூட்டங்கள் அனைத்தும் திடலில் கார்களை வரிசையாக நிறுத்திப் பார்க்கும் கண்காட்சிகளாகவே அமைந்தன. கூட்டம் நன்றாகவே கூடியது. ஆனால் ஆண்டு முடிவில் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு கட்டம் என் கண்ணை உறுத்தியது. கார் எப்படி வந்தது என்பதைக் குறிக்கும் கட்டம் அது. முதல் கூட்டத்தில் அநேகமாக எல்லா கார்களும் ஓடி வந்திருந்தன. கடைசிக் கூட்டத்தில் பல கார்கள் டிரெய்லரில் ஏற்றப்பட்டு வந்திருந்தன, இன்னும் சில உறுப்பினர்கள் அன்றாடம் ஓட்டும் காரில் வந்து கையெழுத்திட்டிருந்தனர். கூட்டங்களுக்கு ஆள் வந்தார்கள், ஆனால் கார்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன.

நிற்கும் கார் கெட்டுப்போகும் என்பது இந்தத் துறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சியது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டருக்குள் பிசினாகப் படிகிறது. பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகுகிறது. கிளட்ச் தட்டு எஞ்சினின் ஃபிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 1966-இல் தொடங்கப்பட்ட ஃபிவா என்னும் பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு, வரலாற்று வாகனம் என்பதற்குக் குறைந்தது 30 ஆண்டு வயதையும், வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பராமரிக்கப்படுவதையும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாததையும் அடையாளமாகச் சொல்கிறது. அன்றாடம் ஓட்டாமல் இருப்பது வேறு, ஓட்டவே ஓட்டாமல் இருப்பது வேறு என்பதை எங்கள் உறுப்பினர்களில் சிலர் மறந்திருந்தனர்; ஓட்டுவதற்கான காரணத்தைச் சங்கமும் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

ஆகவே ஆறு கூட்டங்களையும் ஒன்றுக்கு அடுத்தது ஒன்று எனக் காரைத் தயார்ப்படுத்தும் வரிசையில் அமைக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டது. முதலில் பட்டறைக் கூட்டம், பிறகு சிறு ஓட்டம், பிறகு நாள் முழுவதும் நீளும் மலைப்பாதை ஓட்டம், அதன் பின் கண்காட்சி, அதன் பின் சீர்வேக ஓட்டம், கடைசியாகக் கார்களைப் பத்திரப்படுத்தும் கூட்டம்.

பட்டறைக் கூட்டமும் அதில் விட்டுப்போனதும்

முதல் கூட்டத்துக்குக் காரைத் துடைத்துக்கொண்டு வரவேண்டாம் என்று அறிவித்தோம். டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் படிப்பதில் தொடங்கினோம். 2000-ஆம் ஆண்டு முதல் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 2308 என்றால் 2008-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் தேயாமல் புதிதுபோல் இருந்த பல டயர்கள் பத்து ஆண்டுகளைக் கடந்தவை என்பது அங்கேதான் தெரிந்தது. குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகி வெடித்துவிடுகிறது என்பதால், தேய்மானத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது எங்கள் கார்களுக்குப் பொருந்தாது.

பிரேக் ஆயிலும் அப்படியே. டாட் 4 வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பின் அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 155 டிகிரி மட்டுமே. மலை இறக்கத்தில் அந்த வேறுபாடு உயிரோடு விளையாடக்கூடியது. கம்பிச் சக்கரங்களை ஒரு மூத்த உறுப்பினர் சிறிய ஸ்பேனரால் தட்டிக் காட்டினார். எம்.ஜி.பி.யின் சக்கரம் ஒன்றில் 60 கம்பிகள். இறுக்கமான கம்பி மணிபோல் ஒலிக்கும், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அவர் தட்டத் தட்ட நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கம்பி தளர்ந்தது என்று சொல்லிப் பழகினோம். அன்று கற்ற வேறு எதையும்விட அந்தக் காதுப் பயிற்சியையே உறுப்பினர்கள் அதிகம் விரும்பினர்.

பேட்டரி இணைப்பையும் சரிபார்த்தோம். 1967 வரையிலான எம்.ஜி.பி.களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த், அதாவது காரின் உடலோடு இணைக்கப்படும் முனை. அதற்குப் பின் வந்தவற்றில் எதிர்முனை. இரண்டு வகையும் ஒரே திடலில் நிற்கும் சங்கத்தில், ஒரு காரிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி கொடுத்து ஸ்டார்ட் செய்ய முயலும்போது இது தெரியாவிட்டால் சேதம் உறுதி. ஒவ்வொரு காரின் பானட்டுக்கு உள்ளேயும் எந்த முனை எர்த் என்று எழுதிய சீட்டு ஒட்டப்பட்டது.

பெட்ரோல் ஹோஸ்களையும் பார்த்தோம். விரலால் அழுத்தி, வளைத்து, வெளிப்புறத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். அங்கேதான் தவறினோம்.

இரண்டாவது கூட்டமான சிறு ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்கள் ஓடின, சில சூடேறின, ரேடியேட்டர் மூடி ஒன்று மாற்றப்பட்டது.

மலைப்பாதை ஓட்டம்

மூன்றாவது கூட்டத்துக்கு வழிப்புத்தகம் தயாரித்தோம். ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு புள்ளியும் ஓர் அம்புக்குறியுமாகக் காட்டும் வரைபடங்களை இத்துறையில் டூலிப் படங்கள் என்கிறார்கள். 1949-இல் தொடங்கிய நெதர்லாந்தின் டூலிப் ராலியிலிருந்து வந்த பெயர் அது. இந்த முறையில் ஓட்டுபவரின் பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை இருப்பதால், அதுவரை வீட்டிலேயே இருந்துவிட்ட குடும்பத்தினர் பலர் அன்று முதல்முறையாக வந்தனர். கார்களை ஐந்தைந்தாகப் பிரித்து இடைவெளிவிட்டு அனுப்பினோம். நீண்ட வரிசையாகச் சென்றால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைப் பிடிக்க வேகமெடுப்பார். மற்ற வாகனங்களுக்கும் முந்திச்செல்ல வழியிருக்காது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் காரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும், திருப்பத்தில் அது தெரியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி.

நீண்ட ஏற்றத்தின் உச்சியில் ஓய்விடம் குறித்திருந்தேன். இரண்டாவது குழுவின் கடைசிக் கார், சங்கத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவரின் எம்.ஜி.பி. அவர் வந்து நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தியவர், வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பதற்காகச் சாவியை மீண்டும் இக்னிஷன் நிலைக்குத் திருப்பி, அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். சற்று நேரத்தில் அந்தப் பக்கமாக நடந்து சென்ற, பட்டறைக் கூட்டத்தில் கம்பிகளைத் தட்டிக் காட்டிய அதே மூத்த உறுப்பினர், காரின் பின்புறத்தருகே நின்றார். டிக் டிக் டிக் என்று விடாமல் ஓர் ஓசை. "இக்னிஷனை அணையுங்கள், உடனே" என்றார். உரிமையாளர் ஏன் என்று கேட்கவில்லை, ஓடிப்போய் அணைத்தார்.

அந்த ஓசையின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். எம்.ஜி.பி.யில் பெட்ரோலைத் தள்ளுவது காரின் பின்பகுதியில் உள்ள எஸ்.யூ. மின்பம்பு. மின்காந்தம் ஒரு சவ்வை இழுக்க, தொடுமுனைகள் பிரிய, சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ள, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டிக் ஒலி எழுகிறது. இக்னிஷனைப் போட்டவுடன் வேகமாக ஒலிக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைகள் நிரம்பியதும் அவற்றின் ஊசி வழியை அடைத்துக்கொள்ள, ஒலி மெதுவாகி நின்றுவிடும். எஞ்சின் ஓடாத காரில் பம்பு விடாமல் ஒலிக்கிறது என்றால் டேங்கு காலியாக இருக்க வேண்டும், அல்லது பெட்ரோல் போகக்கூடாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காரின் டேங்கு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

பானட்டைச் சிறிது மட்டும் தூக்கி, தீயணைப்பானோடு இருவர் அருகே நிற்கப் பார்த்தோம். இரண்டு கார்ப்பரேட்டர்களின் மிதவை அறைகளையும் இணைக்கும் குட்டை ஹோஸ் பிளந்திருந்தது. எம்.ஜி.பி.யின் எஞ்சினில் கார்ப்பரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே பெட்ரோல், கீழே சூடான இரும்பு, இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. தகட்டின் விளிம்பில் பெட்ரோல் தேங்கி நின்றது. தீ பிடிக்கவில்லை. அருகே நின்ற இருவரின் கையில் இருந்தவை பக்கத்துக் காரிலிருந்து எடுத்த தீயணைப்பான்கள்; கசிந்த காரின் சொந்தத் தீயணைப்பான் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

காரணங்கள்

ஹோஸை அன்றே நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளிப்புறம் கறுத்து மினுமினுப்பாக, சில ஆண்டுகளுக்கு முன் மாற்றியதுபோலத்தான் இருந்தது. உண்மையிலும் அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். உட்புறமோ மென்மையாகிச் செதில் செதிலாக உரிந்திருந்தது. இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால், பழைய வகை ரப்பரை உள்ளிருந்து தின்கிறது. எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே30 தரத்தில் ஆர்6 என்று குறிக்கப்பட்ட ஹோஸ் இதற்குத் தாங்காது; ஆர்9 என்று குறிக்கப்பட்டது தாங்கும். பிளந்த ஹோஸில் எந்தக் குறியீடும் இல்லை. வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், நாங்கள் செய்த பரிசோதனை செய்யாததைவிட மோசமானது. சரிபார்த்தாயிற்று என்ற நம்பிக்கையை அது எல்லோருக்கும் கொடுத்துவிட்டது.

எத்தனாலின் பாதிப்பு ரப்பரோடு நிற்பதில்லை. தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். பத்து விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு 14.1 அளவு போதும். பழைய அளவில் சரிசெய்யப்பட்ட கார்ப்பரேட்டர் அந்தக் கலவையில் பெட்ரோலைக் குறைவாகக் கொடுப்பதால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகவும் செய்கிறது. ஏற்றத்தில் திணறிய கார்கள் சிலவற்றின் சிக்கல் இதுவே.

அடுத்த காரணம் என் திட்டம். ஓடும் காரின் பானட்டுக்குள் காற்று புகுந்து வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஏற்றம் முடிந்தவுடன் நிறுத்தினால் காற்றோட்டம் நின்று, எஞ்சினிலும் புகைபோக்கியிலும் சேர்ந்திருந்த வெப்பம் முழுவதும் மேலெழுந்து ஹோஸையும் கார்ப்பரேட்டரையும் தாக்குகிறது. கார் நின்ற அடுத்த சில நிமிடங்கள்தான் பானட்டுக்குள் மிகச் சூடான நேரம். காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக நான் ஓய்விடத்தை உச்சியிலேயே வைத்தேன். சமதளத்தில் சில கிலோமீட்டர் ஓடவிட்டு அதன் பின் நிறுத்த வைத்திருக்க வேண்டும். வழிப்புத்தகம் எழுதுபவர் காட்சியைப் பார்ப்பதற்கு முன் காரின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

புதிய உறுப்பினரின் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. சாவியை இக்னிஷன் நிலையில் விடக்கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அன்றாடம் ஓட்டும் நவீன காரில் எஞ்சின் நின்றால் பம்பும் தானே நின்றுவிடும்.

நான்காவது கூட்டம்

நான்காவது கூட்டம் கண்காட்சியாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதை ஹோஸ் மாற்றும் நாளாக மாற்ற வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டேன். எதிர்ப்பு வந்தது, மெருகேற்றித் தயாராகக் காத்திருப்பவர்களை ஏமாற்றலாமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் அந்த அறுத்த ஹோஸை மேசையில் வைத்தபோது விவாதம் முடிந்தது.

அன்று வந்த 18 கார்களின் பெட்ரோல் ஹோஸ்களையும் கழற்றி, அறுத்து, காரின் பெயரெழுதி ஒரே மேசையில் வரிசையாக அடுக்கினோம். 7 கார்களின் ஹோஸ் உள்ளே உரியத் தொடங்கியிருந்தது. அவற்றில் சில, மெக்கானிக்கிடம் விட்டுச் சமீபத்தில் மாற்றப்பட்டவை. எல்லாவற்றிலும் ஆர்9 குறியீடுள்ள ஹோஸும், விளிம்பு ரப்பரைக் கடிக்காத கிளிப்பும் பொருத்தப்பட்டன. மாற்றிய நாளைப் பதிவேட்டில் எழுதினோம், ஏனென்றால் ஹோஸின் வயதைத் தோற்றத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

மாலையில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. பானட்டுக்குள் தீ என்று தோன்றினால் முதலில் இக்னிஷனை அணைப்பது, ஆட்களை விலக்குவது, பானட்டை அகலத் திறக்காமல் தாழ்ப்பாளை மட்டும் விடுவித்து இடுக்கின் வழியே தீயணைப்பானைப் பாய்ச்சுவது, அடங்காவிட்டால் காரை விட்டுவிட்டு விலகித் தீயணைப்புத் துறையை அழைப்பது. அகலத் திறந்தால் உள்ளே பாயும் காற்றே தீயை வளர்க்கும். ஈ-டைப்பின் உரிமையாளர் எழுந்து, தம் காரில் முகப்பு முழுவதுமே பானட்டாகத் திறப்பதால் இடுக்கு என்று ஒன்று இல்லையே என்றார். நல்ல கேள்வி. மூடியபடியே மேலுள்ள காற்றுப் பிளவுகள் வழியாகவும் சக்கர வளைவின் வழியாகவும் பாய்ச்சுவதைச் செய்து பார்த்தோம். அன்று முதல் தீயணைப்பான் ஓட்டுநர் அமர்ந்தபடியே எட்டும் இடத்தில் இருந்தால்தான் கார் ஓட்டத்தில் சேர்க்கப்படும் என்று விதி வைத்தோம்.

சீர்வேக ஓட்டம்

ஐந்தாவது கூட்டத்தில் குறிப்பிட்ட சராசரி வேகத்தைக் காப்பதே போட்டி. முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் ஒரே அளவு புள்ளி குறையும். வேகமாக ஓட்டுவதில் பயனே இல்லை என்பதால் பழைய கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான போட்டியை நான் அறியேன். தொடங்குமுன் அளந்து குறித்த தூரத்தில் ஒவ்வொரு காரின் தூரமானியையும் சரிபார்த்தோம். டயரின் அளவு மாறிய கார்களில் வேறுபாடு கணிசமாக இருந்தது.

விருந்தினராக ஒரு மாஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தது. 1989-இல் சிகாகோவில் அறிமுகமான அந்த மாதிரியின் தொடக்கக் கார்கள் 30 ஆண்டைக் கடந்துவிட்டன. அவற்றைச் சேர்ப்பதா என்ற கேள்வி சங்கத்தில் நெடுநாளாக இருந்தது. கார்ப்பரேட்டர் இல்லாததைக் கிளாசிக் என்பதா என்று மூத்தவர்களில் சிலர் கேட்டுவந்தனர். சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் எம்.ஜி.பி.களும் ஒருகாலத்தில் வெறும் பழைய கார்களாக இருந்து, யாரோ சிலர் பொறுமையாக வைத்திருந்ததால்தான் இன்று நம்மிடம் இருக்கின்றன. அந்தக் காரை ஓட்டி வந்த இளைஞர், காற்று உள்ளே போகாவிட்டால் தம் காரின் பெட்ரோல் பம்பு தானே நின்றுவிடும் என்று விளக்கியபோது, மூன்றாவது கூட்டத்தில் ஒரு மனிதரின் காது செய்த வேலையை அங்கே ஒரு சிறு சுவிட்ச் செய்வதை எல்லோரும் கூர்ந்து கேட்டனர். அடுத்த ஆண்டு முதல் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

கார்களைப் பத்திரப்படுத்திய நாள்

கடைசிக் கூட்டம், கார்கள் சில மாதங்கள் ஓடாமல் நிற்பதற்குமுன் நடந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதாலும், ஈரம் மிகுந்தால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடுவதாலும், டேங்கை நிரப்பிக் காற்றுக்கு இடம் குறைத்து, பெட்ரோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தித் திரவத்தைச் சேர்த்து வைப்பதைக் காட்டினோம். கைபிரேக்கை விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டுவது, கிளட்ச் மிதியை அமுக்கிய நிலையில் முட்டுக் கொடுப்பது ஆகியவை பலருக்குத் தெரிந்திருந்தன. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்களே சொல்லிக் கொடுத்தனர்.

பதிவேட்டில் அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தேன். ஆறாவது கூட்டத்தில் டிரெய்லரில் வந்த கார் ஒன்றே ஒன்று. கியர்பெட்டி பிரிக்கப்பட்டிருந்த ஹீலி அது.

பிற்பகலில் மூன்றாவது கூட்டத்தில் தப்பிய எம்.ஜி.பி. வந்து நின்றது. புதிய ஹோஸ்களோடு அது ஓடிவந்த முதல் தொலைதூரம் அன்றுதான். உரிமையாளர் எஞ்சினை நிறுத்தி, வேண்டுமென்றே சாவியை ஒருமுறை இக்னிஷனுக்குத் திருப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினர். பின்புறத்திலிருந்து டிக், டிக் என்று இரண்டு ஒலி. சற்று இடைவெளிவிட்டு மூன்றாவது. அதன் பின் ஒலி இல்லை. அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.